விளக்கை மறைத்த காகிதம்

2010 மே மாதம், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மன்ரோ கவுண்டி சிறை. விசாரணைக் கைதி ஒருவரின் படுக்கைக்கு மேலிருந்த விளக்கை ஒரு காகிதம் மறைத்திருந்தது. எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. மறுநாள் காலை கைவிலங்கு மாட்டி வேறொரு அறைக்குத் தூக்கிப் போய்க் குப்புறக் கிடத்தினார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார், இன்னொருவர் மின்னதிர்ச்சி தரும் டேசர் கருவியை ஐந்து விநாடி வைத்தார். பிறகு விலங்கோடு பதினைந்து நிமிடம் தனியே விட்டுவிட்டார்கள். தலையைக் கான்கிரீட்டில் மோதினார்கள் என்றார் கைதி, அதிகாரிகள் மறுத்தார்கள்.

அரசு அதிகாரிகள் உரிமையை மீறினால் வழக்குப் போட வழி தரும் 1983ஆம் பிரிவின் கீழ் அந்தக் கைதி வழக்குப் போட்டார். (1983 ஆண்டு அல்ல, பிரிவு எண். சட்டம் 1871இல் வந்தது.) ஜூரி அதிகாரிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதிகாரியின் மனநிலையையும் பார்க்கச் சொல்லி ஜூரிக்குத் தந்த அறிவுரையே தவறு என்று 2015 ஜூன் 22இல் உச்ச நீதிமன்றம் 5–4 கணக்கில் சொன்னது. அதுதான் கிங்ஸ்லி (அந்தக் கைதி) எதிர் ஹென்ட்ரிக்சன் (அதிகாரி) வழக்கு. இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரைத் தண்டிக்கவே கூடாது. ஆகவே அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை, அடித்த அடி நியாயமான அளவை மீறியது என்று காட்டினால் போதும். தண்டனைக் கைதிக்கு இந்தச் சலுகை இல்லை. கொடுமைப்படுத்தும் எண்ணத்தோடு அடித்தார்கள் என்று அவர் நிரூபித்தாக வேண்டும். மனசுக்குள் இருந்ததை யார் எப்படி நிரூபிப்பது? அதனால்தான் இந்தத் தீர்ப்பை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

நீதிமன்றம் பார்ப்பது: எவ்வளவு பலம் தேவைப்பட்டது, எவ்வளவு பிரயோகித்தார்கள், காயம் எவ்வளவு, பலத்தைக் குறைக்க முயன்றார்களா, ஆபத்து இருந்ததா, கைதி எதிர்த்துத் திமிறினாரா. கடைசிக் கேள்வியில்தான் சண்டையே. அதற்கு வீடியோ வேண்டும். கேமராப் பதிவுகள் தானாக அழிந்துவிடும். அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கடிதம் போக வேண்டும். டேசர் எப்போது, எத்தனை விநாடி இயங்கியது என்பது அந்தக் கருவியின் நினைவகத்திலேயே இருக்கும். அதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். காயத்தைச் சிறை மருத்துவப் பதிவில் ஏற்றுவது முக்கியம். உடல் காயம் இல்லையென்றால் மன உளைச்சலுக்கு மட்டும் நஷ்டஈடு கேட்பதை, கைதிகள் போடும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் 1996ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது.

நல்ல வழக்குகள் பலவும் சாவது அதே சட்டத்தால்தான். உள்ளே இருந்தபடி வழக்குப் போடுபவர் முதலில் சிறையின் குறைதீர் மனுவைக் கொடுத்து, மேல்முறையீடு வரை எல்லாப் படியும் ஏறியிருக்க வேண்டும். கெடு சில நாள்தான். ஒரு படி விட்டாலும் வழக்குத் தள்ளுபடி. படிவமே தர மறுத்தால், மிரட்டினால், அந்த வழி ‘கிடைக்கவில்லை’ என்று 2016இல் ராஸ் எதிர் பிளேக் தீர்ப்பு சொல்கிறது. ஆனால் எந்தத் தேதியில் யாரிடம் கேட்டார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். விடுதலையான பிறகு வழக்குப் போட்டால் இந்த நிபந்தனையே கிடையாது.

வக்கீல் கிடைப்பதும் பெரும்பாடு. கைதி வென்றால் எதிர்த்தரப்பு தரவேண்டிய வக்கீல் கட்டணத்துக்கு உச்சவரம்பு, தீர்ப்புத் தொகையில் 150 சதவீதம். ஜூரி ஒரு டாலர் கொடுத்தால் வக்கீலுக்கு ஒன்றரை டாலர்.

அடித்தவர் பெயர் தெரியாவிட்டால் ‘ஜான் டோ’ என்று போட்டுத் தொடங்கலாம். ஆனால் வழக்குப் போடும் காலக்கெடு முடிந்தபின் உண்மைப் பெயரைச் சேர்க்கப் பெரும்பாலான நீதிமன்றங்கள் விடுவதில்லை. கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் இரண்டு வருஷம், கென்டக்கியிலும் டென்னசியிலும் ஒரே வருஷம்.