மேசைமேல் சிரித்த தட்டு

ஒரு வாரமாகக் காரின் பின்பக்கம் ஊளைச் சத்தம். டயர்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஆக்ஸிலை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டை, உருவிப் பார்த்தால் பேரிங் கரகரவென்று சுற்றுகிறது.

பேரிங்கை நகராமல் பிடித்திருக்கும் வளையம் லேசில் வராது. டிரில்லால் முக்கால் ஆழம் துளைபோட்டு, உளி வைத்து ஓங்கி அடித்ததும் பிளந்தது. துளை தண்டைத் தொட்டால் ஆக்ஸிலே போச்சு. கேஸ் டார்ச் பக்கமே போகாதீர்கள், சூட்டில் இரும்பின் பதம் கெடும்.

புது பேரிங்கைப் பிரஸ் என்னும் அழுத்தும் எந்திரத்தில், அதன் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்து ஏற்றினேன். அது உட்கார்ந்த பிறகு புது வளையம், தனியாக. இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது.

பெருமையாக நிமிர்ந்தால், ஆக்ஸிலை வண்டியோடு சேர்த்துப் போல்ட் போடும் தட்டு மேசைமேல் சிரிக்கிறது. பேரிங்குக்கு முன்னாடியே மாட்ட வேண்டியது அது!

மறுபடி உளி. அழுத்திக் கழற்றிய பேரிங்கை நம்ப முடியாது, நாளைக்கு இன்னொரு செட் வாங்கணும்.