பக்கத்துச் சுளகு

போன வாரம் ஒரு அக்கா தன் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு என் டியூஷனுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன். "டீச்சர், அந்தத் தெருப் பயலுவ கூட சேராதன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டுக்கான்" என்றார். பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் சொன்ன நாலு பேரும் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனையும் அவர்கள் காதில் விழுந்தது.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அந்த அக்காவுக்கு வாசலில் நின்று விளக்க வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். நான் வளர்ந்த தெருவில் பீடி சுற்றாத வீடே கிடையாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எந்தத் திண்ணையில் நிழல் விழுகிறதோ அங்கே ஏழெட்டுப் பெண்கள் மடியில் சுளகோடு வந்து உட்காருவார்கள். ஊறவைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரிப்பார்கள். அப்புறம் தூளைப் போட்டு உருட்டி, நுனியை மடக்கி, நூல் சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கைவேகம்தான் காசு. புதிதாகப் பழகும் பிள்ளையை என் அம்மா எப்போதும் கைவேகக்காரிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள். "அவ கையப் பாத்துக்கிட்டே சுத்துட்டி, தானா வரும்" என்பாள். முக்கால்வாசிப் பேருக்கு வந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் முந்நூறு சுற்றுகிறவள் திண்ணைக்கு வந்தால் ஐந்நூறு சுற்றிவிடுவாள்.

எனக்கு வரவில்லை. பக்கத்துச் சுளகில் பீடி குவியக் குவிய எனக்கு விரல் பதறும். இலை கிழியும், நூல் நழுவும். கடைக்குக் கொண்டுபோனால் என்னுடையதில்தான் அதிகம் கழிப்பார்கள். அம்மா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் திட்டாமல் கொள்ளாமல் என் சுளகை எடுத்து உள்வீட்டில் ஜன்னலோரம் வைத்துவிட்டாள். அங்கே தனியாக உட்கார்ந்தபோது ஓரளவுக்குச் சுற்றினேன்.

பிறகு பி.எட். படிக்கப் பாளையங்கோட்டை போனேன். அங்கே ஒரு உளவியல் புத்தகத்தில் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் 1898-இல் எழுதிய ஆய்வைப் பற்றிப் படித்தேன். தனியாக ஓட்டுகிறவரைவிடச் சேர்ந்து ஓட்டுகிறவர் வேகமாகப் போவதைச் சைக்கிள் பந்தயங்களில் அவர் கவனித்திருக்கிறார். அதைச் சோதிக்க 40 குழந்தைகளிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இன்னொரு குழந்தையோடு சேர்ந்தும் சுற்றச் சொன்னார். சேர்ந்து சுற்றியபோது 20 பேர் வேகமானார்கள். 10 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் தடுமாறிப் பின்தங்கினார்கள். அந்தப் பத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் கையில் குறை இருக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை, இடத்தைத்தான் மாற்றினாள்.

கணக்கிலும் எனக்கு அப்படி ஒரு இடம் கிடைத்தது. எட்டாம் வகுப்பில் 'கழித்தலைக் கழித்தால் கூட்டல்' என்பது எனக்கு ஏறவே இல்லை. வாத்தியார் நல்லவர், விஷயம் தெரிந்தவர். மூன்று தடவை சொன்னார். ஆனால் நான் தடுக்கி விழுந்த இடத்தை அவர் கடந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், அங்கே ஒரு கல் கிடப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. என் எதிர்வீட்டுச் சேக்காளி அதே இடத்தில் முந்தாநாள்தான் விழுந்து எழுந்திருந்தாள். சாயங்காலம் பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "ஏட்டி, கடக்காரரு ஒன் கணக்குல பத்து ரூவா பிடித்தம் போட்டுட்டாரு. அப்புறம் அது தப்புன்னு அந்தப் பிடித்தத்த அடிச்சிட்டாரு. இப்ப ஒனக்குக் கூடுமா கொறையுமா?" அவ்வளவுதான். இன்றைக்கு வரைக்கும் அந்தப் பாடத்தை நான் அப்படித்தான் நடத்துகிறேன்.

இது நம்மிடம் எப்போதோ இருந்த முறைதான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மூத்த மாணவன் இருப்பான், சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக்கொடுப்பான். சென்னையில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் கொண்டுவர நினைத்தபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்துப் பார்த்தார், அவன் நடத்திக் காட்டினான். ஊர் திரும்பியதும் 1797-இல் அதைப் பற்றி எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஒரு எட்டு வயதுப் பையன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, அந்த அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை. தாமிரபரணியில் தண்ணீர் பெருகி வரும்போது பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று குதிக்கிற பையன்களை நானே பார்த்திருக்கிறேன். தனியாக வந்து குதிக்கிற ஒருவனையும் நான் பார்த்ததில்லை. கீழே நாலு பேர் "குதிலே" என்று கத்த வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை 306 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட மிக அதிகமான ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. இது அந்த வயதின் இயல்பு. பையன் கெட்டுவிட்டான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்குப் பெரிய பயம் ஆறு இல்லை, கயிறு. எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கு ஒரு வண்ணம் என்று கயிறு கட்டுவதை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. ஏழாம் வகுப்பில் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் எட்டாம் வகுப்பில் கயிறோடு வந்தான். "யாருலே கட்டிவிட்டா, வீட்டுலயா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், சேக்காளி கட்டிவிட்டான். எல்லாரும் கட்டிருக்கான்" என்றான். அவன் மனசில் யார்மேலும் பகை இல்லை. தான் மட்டும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்ற தவிப்புதான் இருந்தது. பகை அந்தக் கயிற்றின் வழியாக அப்புறம் ஏறும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. வெட்டியவர்களும் ஏதோ ஒரு வகுப்பில் ஏதோ ஒரு பெஞ்சில் யார் பக்கத்திலோ உட்கார்ந்து படித்த பிள்ளைகள்தானே என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

அதன் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு வேண்டாம் என்று அது சொன்னதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் மனதில் நின்றது வேறு ஒன்று. வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தது. படித்த உடனே எனக்கு அம்மாவின் திண்ணைதான் ஞாபகம் வந்தது. மறுநாளே என் டியூஷன் கொட்டகையில் பாயைப் பெயர் வரிசைப்படி போட்டேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் பக்கத்துப் பாய்க்காரனிடம் ஸ்கேல் கடன் வாங்கினார்கள்.

அந்த அக்கா சொன்ன நாலு பேரும் இவனும் சேர்ந்தது அந்தப் பாயில்தான். வெவ்வேறு தெரு. ஐந்து பேரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள், ஆற்றுக்குப் போவார்கள். அதற்கு நான் பிரம்பை எடுக்காமல் கண்டிப்பது உண்டு. ஆனால் அதே நாலு பேரில் ஒருவன்தான் இவனுக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தான். இவன் அவர்களில் இன்னொருவனை ஆங்கிலம் வாசிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். எழுத்துக்கூட்டி, வரிக்கு வரி விரல் வைத்து. "சேராதே" என்ற ஒரு சொல்லில் இது அத்தனையும் போய்விடும். அவன் கையில் அப்புறம் என்ன வந்து ஏறும் என்று எனக்குத் தெரியும்.

கொட்டகையில் ஒரு பெண்பிள்ளை மட்டும் கூட்டத்தில் இருந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள். அவளை மட்டும் படிக்கட்டுப் பக்கம் தனியாக உட்கார விட்டிருக்கிறேன்.

நேற்று அந்த அக்கா மறுபடி வந்தார். "பேசினீங்களா டீச்சர்?" என்றார். "அக்கா, ஞாயித்துக்கிழமை அந்த நாலு பேரையும் உங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க. நீங்களே அவனுவ கிட்ட பேசிப் பாருங்க" என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது, கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டோமோ என்று.

இன்று காலை பால் வாங்கும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டீச்சர், அந்த நாலு பேர்ல கறி திங்காத பய எவனும் உண்டா?"