அரைச்சுவருக்கு மேலே

ஓகஸ்ட் 4, 2024

மாங்குளம் காணியில் சின்ன வீட்டுக்கு அத்திவாரம் முடிந்து, மூன்றடி அரைச்சுவரும் எழும்பிவிட்டது. ஒரு அறை, முன்னால் விறாந்தை, அவ்வளவுதான். சுவருக்கு மேல் மரச்சட்டம் நிற்கிறது. அதன் வெளிப்பக்கத்தை எதனால் மூடுவது என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி. கனடாவில் இருக்கிற அக்கா, 'வைனில்' என்கிற பிளாஸ்ரிக் பலகை அனுப்புகிறேன் என்கிறா. அவவின் வீட்டு வெளிச்சுவர் முழுக்க அதுதான். பெயின்ற் அடிக்கத் தேவையில்லை, கறையான் தொடாது, இடைக்கிடை தண்ணீர் அடித்துக் கழுவினால் சரி. அம்மாவுக்கு மரப்பலகைதான் வேணும். என் மனமும் மரத்தின் பக்கம்தான். ஆனால் அக்காவின் காசு, அவவின் பிள்ளைகள் வந்து நிற்கப்போகிற வீடு. நன்றாக விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேணும்.

ஓகஸ்ட் 7

இரவு அத்தானோடு பேசினேன். ஒன்ராறியோவில் வீடுகளுக்கு வைனில் அடிப்பதுதான் அவருக்கு வேலை. கடைக்காரன் மாதிரிப் பேசாமல் உள்ளதைச் சொன்னார்.

பார்வைக்குப் பலகை, உண்மையில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிவிசி தகடு. 12 அடி நீளத் தகடு குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கும். அதனால் ஆணி அடிக்கிற இடத்தில் நீட்டுத் துளை விட்டிருக்கிறார்கள். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலையை இறுக்காமல் கொஞ்சம் விட வேணும். "இறுக்கினால் வெயிலுக்கு வயிறு தள்ளிக்கொண்டு வரும்" என்றார். இங்கே எந்த மேசனும் தச்சனும் ஆணியை இறுக்காமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

70 பாகை செல்சியஸ் தாண்டினால் தகடு இளகத் தொடங்குமாம். பக்கத்து வீட்டு இரட்டைக் கண்ணாடி யன்னலில் பட்டுத் தெறித்த வெயிலுக்கே சுவர் நெளிந்ததை அவர் கண்டிருக்கிறார். சுவரோடு ஒட்டி வைத்த இறைச்சி சுடும் அடுப்பாலும் அப்படித்தான் நடக்கும். எங்களுக்கு வெளியடுப்பு விறாந்தைக்குப் பக்கத்தில். மேற்குச் சுவருக்கு ஒரு மரநிழலும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார்: வைனில் தண்ணீரை முழுதாக மறிக்காது. மூட்டுக்குள்ளால் உள்ளே போகும். பின்னால் ஈரம் மறிக்கிற விரிப்பு இல்லாவிட்டால் சட்டம் உக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஓகஸ்ட் 11

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவ வேறு கணக்கில் இருக்கிறா. போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறி வந்தபோது தறப்பாளும் தகரமும்தான் எங்கள் வீடு. பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க ஏலாது. புளியமரத்துக்குக் கீழே சமைத்து, அங்கேயே படுத்தும் எழும்பினோம். "திரும்பவும் பிளாஸ்ரிக்குக்குள்ள என்னை இருத்தாதை, தம்பி" என்றா.

உட்பக்கம் பலகையும் நடுவில் காற்றுவெளியும் விட்டால் வைனில் வீடு தறப்பாள் கொட்டில் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வீட்டில் மிச்சக் காலம் இருக்கப்போவது அவ. அந்தச் சொல்லை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஓகஸ்ட் 18

ஆசாரியாரைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியில் மரக்காலைக்குப் போனேன். பாலையும் முதிரையும் எங்கள் காட்டு மரங்கள், காலத்துக்கும் நிற்கும். விலையும் அப்படி. அதோடு அனுமதிப்பத்திரம் இல்லாத மரம் இரவில் கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். காடு பட்டபாடு போதும். அனுமதித் துண்டு இல்லாத மரம் ஒன்றும் என் காணிக்குள் இறங்காது.

வேம்பு பார்த்தோம். ஆசாரியார் ஒரு பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டினார். நடுவில் சிவந்த வைரம், ஓரத்தில் இரண்டு விரலகலம் வெள்ளை. வெள்ளையில் ஊசி குத்தினது போல ஓட்டைகள். நகத்தால் தட்ட மாவு கொட்டியது. வைரத்தில் நகம் பதியவே இல்லை. "வெள்ளையைச் சீவி எறிஞ்சால் அகலம் குறையும் தம்பி, ஆனால் வண்டு வராது." அகலம் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன்.

ஓகஸ்ட் 25

அக்காவோடு நீண்ட பேச்சு. கடைசியில் அவவை யோசிக்க வைத்தது வெயில் அல்ல, திருத்துகிற விசயம். தேங்காய் விழுந்து ஒரு தகடு வெடித்தால் அதே நிறத்தில் ஒன்று கனடாவிலிருந்து வரவேணும். இங்கே வெயிலில் வெளிறியதோடு அது ஒத்தும் போகாது. மூலைத்துண்டு, யன்னல் ஓரத்துண்டு எல்லாம் அதே கதை. மரம் என்றால் காலையில் கழற்றி மாலையில் மாற்றலாம். "எண்ணெய் பூசுறது ஆர்?" என்று கேட்டா. நான்தான் என்றேன். சரி, மரம் என்று முடிவாகிவிட்டது.

செப்டெம்பர் 15

பலகை அடிக்கத் தொடங்கியாச்சு. சட்டத்தின் மேல் பனஞ்சிலாகையை நெடுக்காக அடித்து, அதன் மேல்தான் வேப்பம்பலகை. பின்னால் ஓர் அங்குலம் காற்று ஓடும், ஈரம் நிற்காது. எலி, குளவி புகாமல் கீழ்வாயில் கம்பிவலை. பனை வைரத்தில் ஆணி நேரே ஏறாது. துளை போட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது.

மேல்பலகை கீழ்ப்பலகையின் மேல் ஒன்றரை அங்குலம் ஏறி நிற்கிறது. ஆணி மேல்பலகையை மட்டும் பிடிக்கும்படி அடிக்கச் சொன்னேன். இரண்டையும் சேர்த்து அடித்தால் கோடையில் சுருங்கும்போது நடுவால் பிளக்கும். ஆசாரியார் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

பலகையைச் சுவரில் அடிப்பதற்கு முன்பே அதன் நாலு பக்கமும் ஆளியெண்ணெய் பூசுகிறோம். வெட்டுமுகத்துக்கு இரண்டு தரம், மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த வழியால்தான்.

செப்டெம்பர் 29

வாடை தொடங்க முன்னம் கூரை முடிய வேணும். வடகிழக்குப் பக்கத் தாழ்வாரத்தை மூன்றடிக்கு நீட்டச் சொல்லிவிட்டேன். சாரல் பலகையில் படாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேற்குச் சுவர் வெயில் தின்னும் சுவர், அதற்கு மற்றவற்றுக்கு முந்தியே எண்ணெய் கேட்கும். அரைச்சுவரில் கறையான் புற்றுக்கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருக்கால் பார்க்கும் வேலையை அம்மா தானே எடுத்துக்கொண்டா. மிஞ்சின பலகைகளுக்கும் எண்ணெய் பூசி விறாந்தைப் பரணில் அடுக்கியிருக்கிறேன். ஒன்று பழுதானால் அதிலிருந்துதான் எடுக்க வேணும்.