பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பின் நோயாளியைச் சீக்கிரம் எழுப்ப: வார்டில் நாங்கள் மாற்றியவை

பெருங்குடலில் கத்தி வைத்தால் வாயு பிரியும்வரை பட்டினி, அதுவரை படுக்கை என்றிருந்த வழக்கத்தை 1990களில் மாற்றிக் காட்டியவர் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்றிக் கெலெட். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷனுக்குப் பின் நோயாளியைச் சீக்கிரம் தேறவைக்கும் ‘ஈராஸ்’ (ERAS) நெறிமுறை. எங்கள் வார்டில் அதைத் தாளில் எழுதி ஒட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. மல்லுக்கட்டியதெல்லாம் பழைய பழக்கத்தோடு.

முதலில் பட்டினி. திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர், பால் சேர்க்காத டீ, சக்கை இல்லாத ஜூஸ் ஆகியவற்றை மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். ஆனால் ‘ராத்திரி 12 மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாது’ என்பது சிஸ்டரிலிருந்து உறவினர்வரை எல்லோருக்கும் மனப்பாடம். காலை 8 மணி கேஸ் பிற்பகல் 2 மணிக்குத் தள்ளிப்போனால் அந்த நோயாளி 14 மணி நேரம் நாக்கு வறண்டு கிடக்கிறார். அதனால் கேஸ் ஷீட்டில் மொட்டையாக ‘என்பிஓ’ (வாய்வழி எதுவும் கூடாது) என்று எழுதாமல், தண்ணீர் எத்தனை மணிவரை என்று நேரம் போடச் சொன்னோம். வரிசை மாறினால் தியேட்டரிலிருந்து வார்டுக்கு போன் வந்தாக வேண்டும். பால் காபி, மோர், கஞ்சி மூன்றும் தெளிந்த பானத்தில் சேராது. உறவினர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும், வயிறு மெதுவாகக் காலியாகும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இந்த 2 மணிக் கணக்கு பொருந்தாது. அங்கே மயக்க மருத்துவர் சொல்வதுதான்.

தியேட்டரில் நடப்பது ஓரளவு கட்டுக்குள் இருக்கும்: கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக், உடல் சூடு 36 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்ப்பது, மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்ட ட்யூபை மயக்கம் தெளியும் முன்பே எடுத்துவிடுவது. சலைனை மட்டும் கண்டிப்பாக அளந்து கொடுக்க வேண்டும். அதிகமானால் குடல் சுவரில் நீர் கோத்து, குடல் அசைவு தாமதமாகும்.

யூரின் ட்யூப் அப்படியே கிடப்பதற்குப் பெரும்பாலும் மருத்துவக் காரணமே இருக்காது. எடுக்கச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். விதியைத் தலைகீழாக்கினோம்: மறுநாள் காலை சிஸ்டரே எடுத்துவிடலாம், வைத்திருக்க வேண்டுமென்றால் டாக்டர் காரணம் எழுத வேண்டும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் செய்த ஆபரேஷனுக்கு அந்தக் காரணம் உண்மையிலேயே இருக்கும்.

வலி மாத்திரையை நோயாளி கேட்கும்வரை காத்திருந்து கொடுக்கக் கூடாது, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பாராசிட்டமால் 6 மணிக்கொரு முறை 1 கிராம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைக்கேற்பக் குறைத்து. இதை ஒழுங்காகக் கொடுத்தாலே மார்ஃபின் வகை மருந்தின் தேவை குறையும். அந்த வகை மருந்து குடலைத் தூங்கவைத்துவிடும்.

ஆபரேஷன் நாளன்றே 2 மணி நேரம், மறுநாளிலிருந்து 6 மணி நேரம் கட்டிலைவிட்டு வெளியே இருக்க வேண்டும் என்பது இலக்கு. பிரித்துப் பிரித்து எழுப்பினால் போதும். இதில் தடையாக நின்றது நோயாளியின் பயம் மட்டுமல்ல, கட்டில் பக்கத்தில் நாற்காலியே இல்லை! கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்ட பிறகுதான் ‘உட்கார வையுங்கள்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் வந்தது. முதல்முறை காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, பிபி பார்த்துவிட்டுத்தான் நிற்க வைக்க வேண்டும்.

நன்றாக நடந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாளுக்கு மேல் சோர்ந்து, நாடித்துடிப்பு ஏறி, வயிறு உப்பினால் அட்டவணையை ஒதுக்கிவைத்துவிடுங்கள். குடல் தையல் கசிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், டிஸ்சார்ஜ் தேதி குறித்திருந்தாலும் அனுப்பாதீர்கள்.