ஆழத்துக்கு அஞ்சிக் கரையை நெருங்காதீர்கள்

தெற்குப் பர்மாவின் மெர்குயி தீவுக்கூட்டத்தில் சுமார் 800 தீவுகள் உண்டு. பலவற்றின் கரையோரம் பாறையும் முருகைக்கல் என்னும் பவளப்பாறையும்தான். அதைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நங்கூரம் நன்றாகப் பிடிக்கும் சேறும் மணலும் பெரும்பாலும் 15 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் ஆழமானியில் 20 என்ற எண்ணைக் கண்டதும் பதறிப்போய், 8 மீட்டர் கிடைக்கும்வரை கரையை நோக்கி ஊர்ந்து போகிறார்கள். பகலில் எல்லாம் அமைதியாகவே இருக்கும். இரவில் காற்று திரும்பினாலோ, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) மாறினாலோ, படகின் பின்புறம் பாறையின்மேல் போய் நிற்கும். அப்படி நெருங்கி நிற்கும் படகைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

நான் பர்மாவின் மோல்மேன் நகரத்துத் தமிழன். தெற்குமுனைத் துறைமுகமான காவ்தாங்கிலிருந்து புறப்படும் 14 மீட்டர் பாய்மரப்படகில் நங்கூரம் என் பொறுப்பு. என்னுடன் வேலை செய்யும் தம்பியும் எங்கள் ஊர்தான். “அண்ணா, ஆழம் கூடக்கூடப் பிடிமானம் குறையாதா?” என்று ஒருநாள் கேட்டான். பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது.

நங்கூரம் தரையோடு படுத்து இழுபட்டால் பிடிக்கும். மேல்நோக்கி இழுபட்டால் பெயர்ந்துவிடும். இழுப்பைத் தரையோடு வைத்திருப்பது சங்கிலியின் தொய்வு. 6 மீட்டர் ஆழத்தில் 24 மீட்டர் சங்கிலி விட்டாலும், 24 மீட்டர் ஆழத்தில் 96 மீட்டர் விட்டாலும் விகிதம் நான்கு மடங்குதான். ஆனால் 24 மீட்டர் ஆழத்தில் நிற்கும்போது, தரையில் கிடக்கும் சங்கிலி முழுவதையும் தூக்கக் காற்றுக்கு நான்கு மடங்கு விசை வேண்டும். அதனால்தான் ஆழத்தில் நான்கு மடங்கோடு நிம்மதியாகத் தூங்குகிறேன்; 6 மீட்டரில் அதே நான்கு மடங்கு எனக்குப் போதாது, ஆறேழு மடங்காவது விடுவேன். முழுவதும் சங்கிலியாக இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு சரிவரும். பாதி கயிறாக இருக்கும் படகுகள் இதை நம்பக் கூடாது.

எந்த ஆழத்தை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நீர் மூன்று மீட்டருக்குக் குறையாமல் ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும்போது ஆழமானி 18 காட்டினால், ஓதத்துக்கு 3, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்துக்கு 1 என்று கூட்டி 22 ஆக எடுத்துக்கொள்வேன். நான்கு மடங்கு என்றால் 88 மீட்டர். எங்கள் சங்கிலிப் பெட்டியில் 100 மீட்டர் இருக்கிறது. மிச்சமுள்ள 12 மீட்டர், திடீர்ச் சூறைக்காற்று வந்தால் விடுவதற்கு. கடுங்காற்றில் எந்தச் சங்கிலியும் விறைத்துப்போகும், அதை மறக்கக் கூடாது.

88 மீட்டர் விட்ட படகு, தன் நீளத்தையும் சேர்த்தால், சுமார் 100 மீட்டர் ஆரத்தில் சுற்றிவரும். அந்த வட்டத்துக்குள் பாறையோ வேறு படகோ இருக்கவே கூடாது. ஆழத்தில் நிற்பதற்கு நாம் கொடுக்கும் விலை இந்த இடம்தான். இடம் இல்லையென்றால் அடுத்த தீவுக்குப் போய்விட வேண்டும். சங்கிலியைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்ற எண்ணமே கூடாது.

இறக்குவதற்குமுன் ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தேய்த்துத் தரையைத் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டிவருவது மணலா சேறா என்று தெரிந்துவிடும். ஒன்றும் ஒட்டாமல் சோப்பில் கீறல் விழுந்திருந்தால் கீழே கல். அங்கே நங்கூரம் போட்டால் முருகைக்கல் உடையும், சங்கிலியும் சிக்கிக்கொள்ளும்.

ஆழத்தில் சங்கிலியைத் தானாக ஓடவிடாதீர்கள். 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 20 மீட்டர் தொங்கும்போது நங்கூரத்தின் எடையும் சேர்ந்து வேகம் பிடித்துவிட்டால் சங்கிலியைச் சுற்றும் வின்ச்சின் பிரேக் நிறுத்தாது, கையும் போய்விடும். வின்ச்சை ஓட்டியே, தரை தொடும்வரை மெதுவாக இறக்க வேண்டும். பிறகு படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை நீளமாகப் படுக்கவிட வேண்டும். நங்கூரத்தின் மேலேயே குவித்தால் சுற்றிக்கொள்ளும். முழு நீளமும் போன பின் எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல மெல்லக் கூட்டுவேன். அப்போது தம்பி சங்கிலியில் உள்ளங்கையை வைத்திருப்பான். அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது. இறுகி அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. கரையில் முன்னும் பின்னுமாக ஒரு மரமும் பாறையும் ஒரே நேர்கோட்டில் விலகாமல் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம். கடைசியாக ஒரு நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கியால் மாட்டி அணியத்தில் கட்டி, பாரத்தை அதற்கு மாற்றிவிடுவோம். நைலான் நீண்டு கொடுப்பதால் அலையின் வெட்டு வின்ச்சுக்கு வராது.

ஏற்றும்போதும் வின்ச்சால் படகை இழுக்கக் கூடாது. எஞ்சினை முன்னோக்கி மெதுவாக ஓட்டி, சங்கிலி செங்குத்தாகத் தொங்கிய பிறகே சுற்ற வேண்டும். 22 மீட்டர் சங்கிலியும் எங்கள் 25 கிலோ நங்கூரமும் சேர்ந்து 75 கிலோ. அதுவே வின்ச்சுக்குப் போதுமான வேலை. இந்தத் தீவுகளின் சேறு பசைபோல ஒட்டும். ஒவ்வொரு மீட்டரும் மேலே வர வரத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித்தான் பெட்டிக்குள் விடுகிறோம்.