மண் நுண்ணுயிரியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதல் உள்தேர்வில் இந்தத் தாளில் விளிம்பில்தான் தேறினேன். ரைசோபியம், அசோடோபாக்டர், சூடோமோனாஸ் என்று பாக்டீரியாக்களின் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தேன். 'ஏன்' என்று தொடங்கிய எந்த வினாவுக்கும் விடை வரவில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பூத்திருந்த நிலக்கடலைச் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினேன். வேரெங்கும் கடுகுபோல முடிச்சுகள். ஒன்றைப் பிளேடால் வெட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு! அது லெக்ஹீமோகுளோபின். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அப்படி மாற்றக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகும். அதற்கு முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் ஆக்சிஜனைச் சுவாசித்தாக வேண்டும். ஆக்சிஜனைப் பிடித்து வைத்து அளந்து கொடுப்பது அந்தச் சிவப்புப் பொருள்தான். உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் முடிச்சைக் கொடுத்தால் முதலில் வெட்டிப் பாருங்கள்.

அதன்பிறகு எந்த பாக்டீரியாவைப் படித்தாலும் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டேன்: இதற்குக் கார்பன் எங்கிருந்து, நைட்ரஜன் எங்கிருந்து? ரைசோபியத்துக்குச் செடி சர்க்கரை தருகிறது. அசோடோபாக்டர் மண்ணில் தனித்து வாழ்வது, நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுப்பது. அதை ஆய்வகத்தில் வளர்க்கும் ஆஷ்பி ஊடகத்தில் கார்பனுக்கு மேனிட்டால் இருக்கும், நைட்ரஜன் உப்பு இருக்காது. ஊடகத்தின் சேர்மங்களை நான் தனியாக மனப்பாடம் செய்யவே இல்லை.

மாசு நீக்கும் பாடமும் இதே கேள்வியில் பிடிபட்டது. சூடோமோனாஸ் புடிடாவின் சில வகைகளுக்கு, கச்சா எண்ணெயில் உள்ள டொலுயீன் என்ற நச்சுப் பொருளே கார்பன் உணவு. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் அலாஸ்கா கடலில் கொட்டியது. கரையில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாக்களுக்குக் கார்பன் குவிந்து கிடந்தது. நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் போதவில்லை. அதனால் கரைக் கற்களின்மேல் உரம் இட்டார்கள், எண்ணெய் சிதைவது விரைவுபட்டது. பெரிய வினாவுக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டை முழுதாக எழுதுங்கள். பத்துப் பெயர்களை அடுக்க வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில், "யூரியாவை அதிகம் போட்டால் வேர்முடிச்சு என்னவாகும்?" என்று கேட்டார்கள். "குறையும் ஐயா. மண்ணிலேயே நைட்ரஜன் கிடைக்கும்போது, செடி சர்க்கரையைச் செலவழித்து முடிச்சுகளை வளர்க்காது" என்றேன். அந்தக் கேள்வி நான் படித்த எந்தக் குறிப்பிலும் இல்லை.