டிசம்பரில் வீட்டுப் பள்ளிக்கூடம்: வேலூரிலிருந்து ஓர் அனுபவம்

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வருஷத்திலேயே சிரமமான மாதம் எது என்று கேட்டால், யோசிக்காமல் டிசம்பர் என்றுதான் சொல்வேன். மற்ற பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டுவிடுவார்கள். எங்களுக்கு மணி அடித்து லீவு விட யாரும் இல்லை. பாடம் எடுப்பதும் நான்தான், பலகாரம் சுடுவதும் நான்தான், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கிவிடுவதும் நான்தான். அதே வாரங்களில் வீடு வீடாகப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ், வீட்டுக்கு வெள்ளையடிப்பு, துணி எடுக்க லாங் பஜார், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். எங்கள் சபையிலேயே இந்த வருஷம் இரண்டு குடும்பங்கள் ஹோம்ஸ்கூலிங் ஆரம்பித்திருக்கிறார்கள், டிசம்பரை எப்படிக்கா ஓட்டுறீங்க என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் பாகாயம் பக்கம், சிஎஸ்ஐ என்னும் தென்னிந்தியத் திருச்சபை. பெரியவனுக்கு 15 வயது, என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் வருகிற ஏப்ரலில் பத்தாவது எழுதுகிறான். நடுவுள்ளவளுக்கு 10, சின்னவனுக்கு 6. இவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ்நாடு அரசுப் பாடநூல்தான், பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கிறது. ஏழாம் வகுப்பு வரை முப்பருவ முறை என்பதால் இரண்டாம் பருவம் டிசம்பரோடு முடிந்துவிடும், அது எங்களுக்குப் பெரிய வசதி. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்காக: 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது, ஹோம்ஸ்கூலிங் என்று தனியாக அதில் எதுவும் சொல்லப்படவில்லை. அதனால் பிள்ளை என்ன படித்தது என்பதற்கு நோட்டும் தேதியும் கையில் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் கறாராக இருக்கிறோம்.

டிசம்பருக்கான வேலை நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். கிறிஸ்மஸுக்கு முந்தின ஆயத்த வாரங்களான அட்வெண்ட்டின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் ஏதாவது ஒரு தேதியில் வரும், அந்த ஞாயிறுக்குள் இரண்டாம் பருவத்தில் கணக்கும் அறிவியலும் முடிந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்கிறோம். தமிழிலும் சமூக அறிவியலிலும் ஒன்றிரண்டு பாடம் மிச்சம் இருந்தால் பரவாயில்லை, அவற்றை டிசம்பருக்குள் நுழைத்துவிடலாம். பெரியவன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. என்ஐஓஎஸ்ஸில் டிஎம்ஏ என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஒப்படைப்பு எழுதித் தர வேண்டும், தியரி மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். கிறிஸ்மஸ் முடிந்து உட்காரலாம் என்று தள்ளினால் வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையான வாட்ச் நைட், புது வருஷம், பொங்கல் என்று ஜனவரியும் கரைந்துவிடும். ஆகவே நவம்பர் மழையில் வெளியே போக முடியாத நாட்களையெல்லாம் அவன் டிஎம்ஏவுக்கே கொடுத்தான், டிசம்பர் முதல் வாரத்தில் எல்லாம் கையெழுத்துப் பிரதியாக ஃபைலில் இருந்தது.

டிசம்பரில் தினமும் மூன்றே மூன்று விஷயம்தான். காலையில் லூக்கா சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம், அப்புறம் முக்கால் மணி நேரம் கணக்கு, அதற்கப்புறம் அவரவர் இஷ்டப்பட்ட புத்தகத்தில் கொஞ்சம் வாசிப்பு. லூக்காவில் 24 அதிகாரம் இருப்பதால் 1-ஆம் தேதி ஆரம்பித்தால் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் முடிந்துவிடும், இது பல கிறிஸ்தவ வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம், சின்னவன் நெளிய ஆரம்பித்துவிடுவான், அதனால் அன்றைக்கு மட்டும் காலையில் பாதி, ராத்திரி குடும்ப ஜெபத்தில் மீதி. மூன்றும் பத்தரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் அன்றைக்கு என்ன வேலையோ அதுவே பாடம்.

இரண்டாம் அதிகாரத்தில் ரோமப் பேரரசன் அகுஸ்து ராயன் குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, எழுதச் சொல்கிற இடத்தில் இந்த வருஷம் நன்றாகத் தங்கிவிட்டோம். பேர் எழுத யோசேப்பும் மரியாளும் போன வழி, நாசரேத்திலிருந்து பெத்லகேம், நேர்கோட்டில் 110 கிலோமீட்டர் சொச்சம், வளைந்து வளைந்து போகிற பாதையில் 140, 150 ஆகிவிடும். ஏறக்குறைய இங்கிருந்து சென்னை. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் எங்கெங்கே தங்க வேண்டியிருக்கும் என்று நடுவுள்ளவள் மேப்பை விரித்து வைத்துக் குறித்தாள். முதல் நாள் ராத்திரி ஆற்காடு, இரண்டாவது நாள் காவேரிப்பாக்கம், மூன்றாவது நாள் காஞ்சிபுரம். நிறைமாதக் கர்ப்பிணி காவேரிப்பாக்கம் வரைக்கும் நடந்தே போனால் கால் என்னத்துக்கு ஆகும் என்று அவளே கேட்டாள், எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இத்தனை வருஷம் சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இந்தப் பயணத்தை இப்படி யாரும் கேட்டதில்லை. பெரியவன் அங்கிருந்து நம் ஊர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போய்விட்டான். நாடு முழுக்க ஒரே சமயத்தில் எடுத்தது 1881-இல் ஆரம்பித்தது, பத்து வருஷத்துக்கு ஒன்றாக 2011 வரை வந்தது என்று சமூக அறிவியல் நோட்டில் இரண்டு பக்கம் எழுதினான்.

டிசம்பர் 9 எங்கள் வீட்டில், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவின் நாள். 1870-இல் அதே தேதியில் ராணிப்பேட்டையில்தான் பிறந்தார்கள். வேலூரில் இருந்துகொண்டு இதைப் பாடமாக வைக்காமல் இருக்க முடியுமா? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்து ஐடா அம்மாவைக் கூப்பிட்ட கதை இந்த ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு மனப்பாடம். ஆண் டாக்டரை உள்ளே விட அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். டாக்டராகவே கூடாது என்றிருந்த ஐடா அம்மா அதற்கப்புறம்தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தது, 1902-இல் 40 கட்டில் போட்ட ஷெல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1947-இலிருந்து ஆண்களுக்கும் இடம். நடுவுள்ளவள் இதைக் காலக்கோடாக வரைந்தாள், கட்டில் எண்ணிக்கை ஏறுகிறதை சின்னவன் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி வரை போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். நோயாளிகள் வந்து போகிற இடம், பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவது சரியில்லை என்று எனக்குப் பட்டது. மாமனார் வழியில் எங்கள் குடும்பம் ஆற்காடு மிஷன் காலத்திலேயே இரட்சிப்புக்குள் வந்தது, அதையும் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு விவரமாகச் சொன்னேன்.

அப்புறம் பலகாரம். அதிரசத்துக்குப் பாகு எடுக்கிற வேலையை என் அத்தை யாருக்கும் விட்டுத்தர மாட்டார்கள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, கையில் உருட்ட வருகிறதா என்று பார்ப்பதை மட்டும் பிள்ளைகள் செய்யலாம். அச்சு முறுக்கு எங்கள் பொறுப்பு. மாவு ஒரு கப்புக்கு தேங்காய்ப்பால் முக்கால் கப், நாங்கள் இரண்டரை மடங்கு போடுகிறோம், அப்படியானால் பால் எவ்வளவு என்று நடுவுள்ளவளிடம் கேட்டேன். அவள் நோட்டை எடுத்து, முக்காலை ஐந்தின் கீழ் இரண்டால் பெருக்கி 15-இன் கீழ் 8 என்று எழுதிவிட்டு, இதைக் கப்பில் எப்படி அளக்கிறது என்று முழித்தாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, ஒன்றே முக்காலே அரைக்கால், ரெண்டு கப்பில் அரைக்கால் குறைச்சு ஊத்து என்றார்கள். அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. என்ன ஒரு கணக்கு! பேத்தி வாயைப் பிளந்து பார்த்தாள். அன்றைக்கு மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான மாகாணி என்று உட்கார்ந்துவிட்டார்கள், நான் உள்ளே புகவே இல்லை. அச்சைக் காய்கிற எண்ணெயிலேயே போட்டுச் சூடேற்ற வேண்டும், சூடு பத்தாவிட்டால் மாவு ஒட்டாது. மாவில் முக்கால் பங்குதான் முக்க வேண்டும், மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அச்சைவிட்டு முறுக்கு கழலவே கழலாது. ஏன் ஒட்டுகிறது, ஏன் கழல்கிறது என்று பெரியவன் பக்கத்தில் நின்று விளக்கினான், பத்தாவது அறிவியல் படிக்கிறவன் அல்லவா. அடுப்புப் பக்கம் சின்னவனை விடுவதில்லை. எண்ணி டப்பாவில் அடுக்குவது அவன் வேலை, பத்துப் பத்தாக. பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் எத்தனை, சபையில் யாரும் இல்லாத பெரியவர்களுக்கு எத்தனை என்று பங்கு பிரித்ததும் அவன்தான்.

கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரிகளுக்கு ஒரே சட்டம்: மறுநாள் காலை பாடம் கிடையாது, லூக்கா மட்டும். ஓட்டேரி, சாயிநாதபுரம், தொரப்பாடி என்று வண்டி சுற்றி வீடு வந்து சேர நடு ராத்திரி தாண்டிவிடும். மார்கழிப் பனி வேறு. தூக்கம் கெட்ட பிள்ளையை எட்டு மணிக்கு எழுப்பிப் பின்னம் போடச் சொன்னால் கணக்கும் வராது, கிறிஸ்மஸும் கசந்துவிடும். சின்னவனை ஒரே ஒரு ராத்திரி, எங்கள் தெருவுக்கு மட்டும் அனுப்புகிறோம். பெரியவன் முழுக்கப் போகிறான், எந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடு, எங்கே வயதானவர்கள் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள் என்று பட்டியல் போட்டு வாலிபர் சங்கத்து அண்ணன்களுக்குக் கொடுத்தது அவன்தான். ஞானிகள் பார்த்த நட்சத்திரம் எது என்ற கேள்வியும் இந்த ராத்திரிகளில்தான் வரும். கிழக்கே சிவப்பாகத் தெரிகிற திருவாதிரையையும் பக்கத்தில் மூன்றும் வரிசையாக நிற்கிற ஓரியன் இடுப்பு நட்சத்திரங்களையும் மொட்டைமாடியில் காட்டினோம். வியாழனும் சனியும் நெருங்கி வந்ததோடு அதைச் சேர்த்து யோசித்த வானியல் அறிஞர் கெப்ளரைப் பற்றி பிள்ளைகளின் அப்பா சொன்னார். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருப்பது சின்னவனுக்குத் தெரிந்ததும் அதே பேச்சுதான், கோடையில் ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும்.

கிறிஸ்மஸில் கஷ்டம் என்று நான் நினைப்பது வேலையை இல்லை, கேள்விகளைத்தான். வருஷம் பூராவும் பார்க்காத சொந்தமெல்லாம் அந்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு வரும். எந்த ஸ்கூல் கண்ணு என்று ஆரம்பிப்பார்கள். வீட்லயே படிக்கிறேன் என்று பிள்ளை சொன்ன உடனே அங்கேயே பரீட்சை ஆரம்பமாகிவிடும், ஏழாம் வாய்ப்பாடு சொல்லு, ஆங்கிலத்தில் வாசி, அது இது என்று. போன வருஷம் ஒரு பெரியம்மா முறை உள்ளவர், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவுள்ளவளை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் முன்னாடியே பேசி வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: வீட்டில் படிக்கிறேன், அம்மா சொல்லிக்கொடுக்கிறாங்க, உங்களுக்கு நோட்டு காட்டட்டுமா பெரியம்மா. நோட்டு கைக்குப் போனால் பெரியவர்களுக்குப் புரட்டிப் பார்க்க ஆசை வந்துவிடுகிறது, பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். பத்தாவது எழுத முடியுமா, காலேஜ் சேர்ப்பார்களா என்கிற கேள்விக்குப் பதில் சொல்வது அப்பாவின் பொறுப்பு. என்ஐஓஎஸ் மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989 முதல் இயங்குகிறது, பத்தாவதுக்குக் குறைந்தது ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, வருஷத்துக்கு இரண்டு தடவை தேர்வு என்று நிதானமாகச் சொல்லிவிடுவார். அப்படியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பண்டிகை நாளில் வாதம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் கேட்பதும் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான்.

24 மத்தியானத்திலிருந்து ஜனவரி 1 வரை புத்தகம் மூடியாயிற்று. விடியற்காலை ஆராதனை, சண்டே ஸ்கூல் நிகழ்ச்சி, வாட்ச் நைட், வாக்குத்தத்த வசனம் எடுப்பது, இதில் எதையும் பாடமாக்க நான் முயல்வதில்லை, நோட்டிலும் எழுதச் சொல்வதில்லை. அந்த எட்டு நாட்களும் ஆண்டவருக்கும் வீட்டாருக்கும். புதிதாக ஆரம்பித்தவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், டீச்சர் முகத்தோடு இருக்கிற அம்மாவிடமிருந்து பிள்ளைகளுக்கு லீவு வேண்டும்.

ஜனவரி 2-இல் முழுநாள் பாடம் வைத்தால் யாருக்கும் ஓடாது. பொங்கல் வரை அரை நாள், கணக்கும் வாசிப்பும் மட்டும், மூன்றாம் பருவப் புத்தகம் பொங்கலுக்கு அப்புறம். பெரியவனுக்கு மட்டும் முதல் வாரத்திலிருந்தே பழைய வினாத்தாள்கள், சமூக அறிவியலில் ஆரம்பிக்கிறோம், அதில்தான் அவனுக்கு நேரம் பத்துவதில்லை.